ஊர் இழந்த கல்: விண்கற்களின் தனியுடைமை பற்றிச் சில விவாதக் குறிப்புகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன வருஷக் கடைசியில், தினத்தாளில் சுற்றிய கறுப்புக் கல் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். திருநின்றவூருக்கு அந்தப் பக்கம் அவருடைய தம்பி நிலத்தில் பள்ளம் தோண்டும்போது கிடைத்ததாம். கைக்குள் அடங்குகிற கல், ஆனால் அளவுக்கு மீறிய கனம். "காந்தம் புடிக்குது பாரு" என்று பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைப் பையிலிருந்து எடுத்து ஒட்டிக் காட்டினார். பூந்தமல்லியில் ஒரு புரோக்கர் இதற்குக் கோடிக்கணக்கில் விலை போகும் என்றிருக்கிறான். உள்ளே இரிடியம் இருக்கிறதாம், அரிசியை இழுக்குமாம். ஆனால் 'டெஸ்டிங்' பண்ண சயின்டிஸ்ட் வரவேண்டும், அதற்கு முன்பணமாக ஐம்பதாயிரம் கட்டவேண்டும்.

இந்த 'ரைஸ் புல்லிங்' மோசடி தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்களைத் தெருவில் விட்டிருக்கிறது, எத்தனை கோயில் கலசங்களைக் காணாமல் போக்கியிருக்கிறது என்று நாளிதழ் படிப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் புரோக்கரின் பேச்சிலும் அறிவியலின் ஒரு நைந்த நூல் ஓடிக்கொண்டிருப்பதுதான் வேடிக்கை. 1980இல் லூயி அல்வரெஸும் அவர் மகன் வால்டரும் மற்றவர்களும், ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய களிமண் அடுக்கில் இயல்புக்கு மீறி இரிடியம் இருப்பதைக் காட்டி, விண்ணிலிருந்து பெரும்பொருள் ஒன்று மோதியதற்கு அதுவே தடயம் என்றார்கள். மண்ணில் நூறு கோடியில் சில பங்கு என்ற அளவில் அளக்கப்பட்ட ஒன்று, கைமாறிக் கைமாறி, கலசத்துக்குள் ஒளிந்திருக்கும் கோடி ரூபாயாகப் பூந்தமல்லி வந்து சேர்ந்திருக்கிறது.

பணம் கட்டாதீர்கள், இது அநேகமாக இரும்புச் சிட்டமாக இருக்கும் என்றேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "சரி, ஒருவேளை நெஜமா இருந்தா? யாருக்குக் குடுக்கணும்? ஏன் குடுக்கணும்?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இந்தியாவில் விழும் விண்கற்களுக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, அதாவது ஜி.எஸ்.ஐ.தான் காப்பாளர். இரண்டாவது கேள்விதான் என்னை இதை எழுதவைத்தது. தோழர்கள் சிலர் 'விண்கல்லா, நமக்கு இதைவிட முக்கியமான பிரச்சினை இல்லையா' என்று கேட்கலாம். எல்லாருக்கும் பொதுவான ஒன்று எந்த வழியில் ஒருவனுடைய சொத்தாகிறது என்பதைப் பார்க்க, யாரும் உற்பத்தி செய்யாத, யாருடைய உழைப்பும் படியாத, வானத்திலிருந்து விழுகிற ஒரு பொருளைவிடத் தோதான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

2025 ஜூலை 16ஆம் தேதி நியூயார்க்கில் சோத்பி ஏல நிறுவனம் 24 கிலோ 670 கிராம் எடையுள்ள ஒரு கல்லை விற்றது. கமிஷன் எல்லாம் சேர்த்து 53 லட்சம் டாலர். அது செவ்வாய்க் கிரகத்திலிருந்து பிய்ந்து வந்த கல். பூமியில் இதுவரை கிடைத்த செவ்வாய்க் கற்களில் மிகப் பெரியது. 2023 நவம்பரில் ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில், அகாதேஸ் பகுதிப் பாலைவனத்தில் எடுக்கப்பட்டது. ஏலம் முடிந்த பிறகுதான், இந்தக் கல் எங்கள் நாட்டைவிட்டு எப்படிப் போனது என்று நைஜர் அரசு விசாரணையில் இறங்கியது. வாங்கியவர் பெயர் வெளியே சொல்லப்படவில்லை.

அந்தக் கல்லின் பெயரைக் கவனியுங்கள்: 'வடமேற்கு ஆப்பிரிக்கா 16788'. நைஜர் என்ற சொல்லே அதில் கிடையாது.

விண்கற்களுக்கு ஊர்ப்பெயர் வைப்பதுதான் மரபு. எந்த ஊரில் விழுந்ததோ, கிடைத்ததோ, அந்த ஊரின் பெயர். 1865 ஆகஸ்டில் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த ஐந்து கிலோ கல்லால், இன்று உலகெங்கும் செவ்வாய்க் கற்களின் ஒரு முழு வகைக்கே 'ஷெர்காட்டைட்' என்று பெயர். பீகாரில் வரைபடத்தில் தேடினால்தான் தெரிகிற ஒரு சிற்றூர் இப்படிக் கிரகவியலின் அகராதிக்குள் ஏறிவிட்டது. நம் பக்கத்திலும் உண்டு. 1898இல் கண்டெடுக்கப்பட்ட கோடைக்கானல் இரும்பு சுமார் 16 கிலோ. அதன் உள்ளே சிக்கியிருந்த சிலிக்கேட் துகள்களை 1967இல் பர்னட், வாசர்பர்க் என்ற இருவர் ஆராய்ந்து, அதன் வயது ஏறத்தாழ 380 கோடி ஆண்டு என்றார்கள். சூரியக் குடும்பத்தின் வயதோ 456 கோடி. எல்லா விண்கற்களும் ஆரம்பத்திலேயே உருவாகி உறைந்துவிட்டன என்ற நினைப்பை இந்தக் கல் அசைத்தது. 1857 பிப்ரவரியில் அன்றைய மதுரை ஜில்லாவில் விழுந்தவற்றில் பெரிய கல் லண்டன் போய்ச்சேர்ந்தது. 'பார்னல்லி' என்று ஆங்கிலக் காது வாங்கிக்கொண்ட ஊர்ப்பெயர் அதற்கு. திரிந்து போனாலும் ஓர் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் காலனியத்தின் அதிகாரம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. 1852இல் உத்தரப் பிரதேசத்தின் பஸ்தியில் விழுந்த கல்லில் புதிய கனிமம் ஒன்றைக் கண்டார்கள். அதற்கு 'ஆஸ்பார்னைட்' என்று பெயர். கல்லை லண்டனுக்கு அனுப்பிவைத்த ஆஸ்பார்ன் துரையின் பெயர். ஷெர்காட்டிக் கல்லில் கண்ட கண்ணாடிப் பொருளுக்கு 'மாஸ்கெலினைட்', பிரிட்டிஷ் மியூசியத்து மாஸ்கெலினின் பெயர். வயலில் அந்தக் கல்லை முதலில் கையில் எடுத்தவர் பெயர் எந்தக் கனிமத்துக்கும் கிடையாது. பெயரிடும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்ற கேள்வியை நாம் விடக்கூடாதுதான். ஆனால் இன்றைய சந்தை அதைக்காட்டிலும் ஒரு படி மேலே போயிருக்கிறது. துரை ஊரையாவது விட்டுவைத்தான். சந்தைக்கு ஊரே தேவையில்லை.

1990களின் பிற்பாதி தொடங்கி சகாராவிலிருந்து ஆயிரக்கணக்கில் கற்கள் வர ஆரம்பித்தன. நாடோடிகளும் ஒட்டகம் மேய்ப்பவர்களும் எடுத்து, மொராக்கோ நகரங்களின் வியாபாரிகளிடம் விற்று, அங்கிருந்து ஐரோப்பா, அமெரிக்கா. எங்கே எடுத்தது என்று கேட்டால் பதில் வராது. அல்லது வேண்டுமென்றே தவறான பதில் வரும், ஏனென்றால் இடத்தைச் சொன்னால் போட்டிக்காரன் நாளைக்கே அங்கே நிற்பான். ஆகவே வகைப்படுத்துகிறவர்கள் வேறு வழியில்லாமல் வடமேற்கு ஆப்பிரிக்கா என்று போட்டு ஓர் எண் கொடுத்தார்கள். இன்று அந்த வரிசை பதினாறாயிரத்தைத் தாண்டிவிட்டது.

ஊர் தெரியாவிட்டால் அறிவியலுக்கு என்ன நஷ்டம்? கல் கல்தானே, ஆய்வகத்தில் அறுத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடாதா? இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஒரு விண்கல் வானத்தில் உடைந்து சிதறும்போது, துண்டுகள் நிலத்தில் ஒரு நீள்வட்டமாக விழுகின்றன. கனமானவை ஒரு முனையில், இலேசானவை மறுமுனையில். அந்தப் பரவல்தான் அது வந்த திசையையும் கோணத்தையும் சொல்லும். துண்டுகள் பத்து பேர் கைக்குப் போய்ப் பத்து எண் வாங்கினால், ஒரே கல் பத்துக் கல்லாகிறது. செவ்வாயிலிருந்து எத்தனை கற்கள் வந்தன என்ற கணக்கே குழம்புகிறது. நேரமும் முக்கியம். விண்வெளியில் இருக்கும்போது காஸ்மிக் கதிர்கள் கல்லுக்குள் சில நிலையற்ற அணுக்களை உண்டாக்குகின்றன. சோடியம்-24க்கு அரை ஆயுள் 15 மணி நேரம், ஸ்காண்டியம்-46க்கு 84 நாள், சோடியம்-22க்கு 2.6 ஆண்டு. கல் விழுந்த சில நாளில் ஆய்வகத்துக்குப் போனால் அது எவ்வளவு பெரிய பாறையாக இருந்தது, கடைசியாக எந்த மாதிரிக் கதிர்வீச்சில் மிதந்தது என்று படிக்கலாம். யாரோ ஒருவர் வீட்டுப் பீரோவில் நல்ல விலை வரட்டும் என்று காத்திருந்தால், அந்தப் பக்கங்கள் தாமாக அழிந்துகொண்டே போகும். திரும்ப அச்சடிக்க முடியாத பிரதி அது.

காந்தம் விஷயம் இன்னும் மோசம். செவ்வாய்க்கு ஒரு காலத்தில் காந்தப்புலம் இருந்தது, பிறகு அணைந்துபோனது. எப்போது அணைந்தது என்பதற்கான சாட்சியம் செவ்வாய்க் கற்களின் உள்ளே காந்தத் தடமாக உறைந்திருக்கும். 2023இல் வெளியான ஓர் ஆய்வு, வேட்டைக்காரர்களும் வியாபாரிகளும் கல்லைச் சோதிக்கக் கைக்காந்தத்தை ஒட்டிப் பார்ப்பதே அந்தத் தடத்தைத் துடைத்துவிடுகிறது என்று காட்டியது. 'கறுப்பு அழகி' என்று சந்தையில் பெயர் வாங்கிய வடமேற்கு ஆப்பிரிக்கா 7034 கல்லில் நடந்தது அதுதான். இதைப் படித்தபோது அம்பத்தூர் அண்ணனின் ஸ்பீக்கர் காந்தம் ஞாபகம் வந்தது. நான்கூட அதை வாங்கி ஒருமுறை ஒட்டிப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாக வைக்கவேண்டும். அதே கறுப்பு அழகி மொராக்கோவில் வாங்கப்பட்ட கல். வாங்கியவர் ஒரு தனியார் சேகரிப்பாளர். அவர்தான் அதை நியூமெக்சிகோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 2013இல் அதைப் பற்றி வந்த கட்டுரை, மற்ற செவ்வாய்க் கற்களைவிட அதில் நீர் பல மடங்கு அதிகம் என்றது. தனியார் பணம் இல்லாதிருந்தால் அந்தக் கல் இன்னும் மணலில்தான் கிடந்திருக்கும், எந்தப் பல்கலைக்கழகமும் ஒட்டகம் பிடித்துப் போயிருக்காது என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. வால்டர் பெஞ்சமின் 1931இல் தன் புத்தகப் பெட்டிகளைப் பிரித்தபடி எழுதிய கட்டுரையில், பொதுச் சேகரிப்புகள் சமூகத்துக்கு நல்லவையாக இருக்கலாம், ஆனால் பொருள் தனக்குரிய மரியாதையைத் தனிச் சேகரிப்பாளனிடம்தான் பெறுகிறது என்ற கருத்தைச் சொல்கிறார். பயன்பாட்டின் அடிமைத்தனத்திலிருந்து பொருளை விடுவிப்பவன் சேகரிப்பாளன் என்பது அவர் நோக்கு. இடதுசாரிகளான நமக்கு இதை விழுங்குவது கஷ்டம். ஆனாலும் ஒரு கல்லைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும் மனுஷனின் மோகத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன்.

பெஞ்சமினின் சேகரிப்பாளன் பழைய புத்தகக் கடைகளில் அலைந்தவன். ஏலக்கூடத்தில் 53 லட்சம் டாலர் கொடுத்தவர் வேறு ரகம். அங்கே கல்லுக்குப் பரிவர்த்தனை மதிப்புதான் உண்டு. அந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது? இங்கேதான் அறிவியலாளர்கள் கையும் இதில் நனைந்திருக்கிறது. ஒரு கல் செவ்வாயுடையது என்று வியாபாரி சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பல்கலைக்கழகத்தில் ஒருவர் அறுத்துப் பார்த்து, சர்வதேச விண்கல் சங்கத்தின் பெயரிடும் குழு ஏற்று, பதிவேட்டில் ஏற்றினால்தான் விலை. அதற்கு நிபந்தனை: கல்லில் 20 கிராம் அல்லது எடையில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதை, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் வைக்கவேண்டும். 24 கிலோ கல்லுக்கும் 20 கிராம் போதும். அறிவியலுக்குக் கிடைப்பது ஒரு மூக்குத்திப் பொட்டு, மீதியைச் சந்தைக்கு அனுப்பும் முத்திரையைக் கொடுத்ததும் அதே அறிவியல்தான். தங்கக் கடைக்காரனுக்கு உரைகல் மாதிரி ஆய்வகம் ஆகிவிட்டது. 'நாங்கள் வகைப்படுத்தாவிட்டால் அந்த 20 கிராமும் கிடைக்காது' என்று அவர்கள் சொல்வது அவர்களது இக்கட்டு. அதைப் புரிந்துகொள்கிறேன், ஆனால் அதை அறிவுக்குக் கிடைத்த வெற்றி என்று கொண்டாட முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், அமெரிக்காவின் பழைய வழக்கு ஒன்று நம் குத்தகை விவசாயிகளுக்கு நன்றாகப் புரியும். 1890 மே மாதம் அயோவா மாநிலத்தில் ஒரு புல்வெளியில் 66 பவுண்டு எடையுள்ள கல் விழுந்தது. நிலம் காடர்ட் என்பவருடையது. புல் அறுக்கக் குத்தகை எடுத்திருந்தவர் வேறொருவர். விழுந்ததைப் பார்த்துத் தோண்டி எடுத்தவர் மூன்றாவது ஆள். அவர் அதை வின்செல் என்பவருக்கு 105 டாலருக்கு விற்றார். 1892இல் அயோவா உச்ச நீதிமன்றம், கல் மண்ணில் புதைந்ததால் மண்ணின் பகுதியாகிவிட்டது, ஆகவே நிலச் சொந்தக்காரனுக்கே என்றது. தோண்டியவனுக்கும் இல்லை, புல்லுக்குக் குத்தகை கொடுத்தவனுக்கும் இல்லை. பல கோடி ஆண்டு வானத்தில் சுற்றிய கல், மூன்றடி மண்ணுக்குள் இறங்கிய நொடியில் பட்டாவுக்குள் வந்துவிட்டது. அர்ஜென்டினா வேறு வழியில் போனது. 2007இல் சட்டம் இயற்றி, தன் மண்ணில் உள்ள விண்கற்களைப் பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்தது.

அப்படியானால் அரசே எடுத்துக்கொள்ளட்டும் என்று முடித்துவிடலாமா? அண்ணன் அன்றைக்கே கேட்டுவிட்டார்: "கவர்மெண்டுக்குக் குடுத்தா கல்கத்தா போயிடும். அப்புறம் நம்மாளு அதைப் பாக்கணும்னா டிக்கெட் எடுக்கணும். எங்க தம்பிக்கு ஒரு சீட்டாவது குடுப்பானா?" 2008 செப்டம்பர் 12ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி அருகே நூறு கிலோவுக்கு மேல் விண்கற்கள் விழுந்தன. உலகப் பதிவேட்டில் 'சூளகிரி' என்ற பெயர் நிரந்தரமாக ஏறியிருக்கிறது. அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தங்கள் ஊர் ஒரு கல்லின் பெயர் என்று தெரியும்? ஒரு துண்டை, வேண்டாம், ஒரு பிரதிமையைக்கூட ஊரில் விட்டுவைக்கும் பழக்கம் நம் நிறுவனங்களுக்கு வரவில்லை.

அரசு முந்திக்கொண்டு பெயர் சூட்டுவதும் நடக்கிறது. 2016 பிப்ரவரி 6 அன்று நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நேர்ந்து, பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விண்கல் விழுந்ததில் மரணம் என்று முதலமைச்சர் ஜெயலலிதாவின் அறிக்கை வந்தது, குடும்பத்துக்கு ஒரு லட்சம் நிவாரணமும் அறிவிக்கப்பட்டது. நாசா ஐயம் தெரிவித்தது. விண்கல் பதிவேட்டில் அது ஏறவே இல்லை. செத்த மனிதரைப் பற்றிய கேள்விகள் 'மர்மக் கல்' என்ற தலைப்புக்கு அடியில் போய்விட்டன.

இவ்வளவு சொன்ன பிறகும், அரசுச் சேகரிப்பின் பக்கமே நான் சாய்கிறேன், குறைகளோடு. காரணத்தை நம் பக்கத்திலேயே காட்டலாம். ஆவடியிலிருந்து திருவள்ளூர் போய், பூண்டி ஏரியைத் தாண்டினால் அத்திரம்பாக்கம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் முதல் கற்கோடரியை எடுத்த சில மாதங்களில், வில்லியம் கிங்கோடு வந்து இங்கேயும் எடுத்தார். ஃபூட் ஜி.எஸ்.ஐ. ஊழியர், ஆனால் சேகரித்தவை அவருடைய சொந்தச் சேகரிப்பு. 1904இல் அதைச் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு விற்றார். அரசு ஊழியன் பொறுக்கியதை அரசே காசு கொடுத்து வாங்கியது என்று கோபப்படலாம். ஆனால் அந்த மனுஷன் ஒவ்வொரு கல்லுக்கும் ஊர் எழுதி வைத்திருந்தார். அதனால்தான் அவர் இறந்தபின் வெளிவந்த அட்டவணை இன்றும் பயன்படுகிறது. தனியார் சேகரிப்பு அறிவுக்கு உதவும் என்றால் அது இந்த மாதிரித்தான்.

ஃபூட்டுக்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் பலரும் அத்திரம்பாக்கத்துக்கு வந்து மேற்பரப்பில் கிடந்ததைப் பொறுக்கினார்கள். கோடரி கோடரியாகச் சேர்ந்தது, வயது மட்டும் கிடைக்கவில்லை. 1999இலிருந்து சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் குழி தோண்டி, அடுக்கு அடுக்காகப் பதிந்தார்கள். 2011இல் விடை வந்தது: சுமார் 15 லட்சம் ஆண்டு. அந்த வயதைக் கணக்கிட்ட வழிகளில் ஒன்று, கற்கருவிகளுக்குள் காஸ்மிக் கதிர்கள் உண்டாக்கிய பெரிலியம்-10, அலுமினியம்-26 இரண்டின் விகிதம். விண்கல்லைப் படிக்கிற அதே எழுத்து. கருவி எந்த ஆழத்தில், எந்த அடுக்கில் புதைந்திருந்தது என்று தெரிந்தால்தான் அதை வாசிக்க முடியும். ஒரு நூற்றாண்டாகப் பலர் வீடுகளில் அலங்காரமாக உட்கார்ந்திருந்த கோடரிகளுக்கு அந்த வாசிப்பு வாய்க்கவில்லை. நடுகல்லுக்குக்கூட நம் மரபில் பேரும் பெருமையும் எழுதி, செத்த இடத்தையும் சொல்லித்தான் நட்டார்கள்.

போன மாதம் அண்ணன் மறுபடி வந்தார். புரோக்கருக்குப் பணம் கொடுக்கவில்லை. கல்லின் ஒரு மூலையைத் தானே வைஸில் பிடித்து அறுத்திருந்தார். உள்ளே சின்னச் சின்னக் குமிழ்த் துளைகள். விண்கல்லில் அநேகமாக அப்படி இருக்காது, உலையில் உருகி வழிந்த சிட்டத்தில் இருக்கும். "காயலான் கடையில போட்டா பேரீச்சம்பழம்கூட வராது" என்று சிரித்தார். எடுத்துச் சுற்றிவைக்கப் போனவர் நிறுத்தினார்.

"எங்க தம்பி நெலத்துல எந்தக் காலத்துலயும் பட்டறை கெடையாது. சுத்துவட்டாரத்துலயே கெடையாது. அப்ப இரும்பு உருக்கினது யாரு?"

2025 ஜனவரியில் வந்த 'இரும்பின் தொன்மை' அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். எந்தக் காலத்துச் சிட்டம் என்று இப்போது யாராலும் சொல்லமுடியாது, நாற்பது வருஷத்துக்கு முன் யாராவது கொண்டுவந்து கொட்டியதாகவும் இருக்கலாம் என்றும் சொன்னேன். எந்த இடத்தில் கிடைத்தது, எவ்வளவு ஆழம், கூட வேறு ஏதாவது வந்ததா, ஓடு, கரி? அண்ணன் தம்பிக்கு போன் போட்டார். கிணற்றுக்கு வடக்கே, இரண்டாவது பனைமரத்திலிருந்து எட்டு அடி, இடுப்பளவு ஆழம். கறுப்பும் சிவப்புமாக ஓட்டுத் துண்டுகள் வந்தன, வரப்போரம் எறிந்துவிட்டோம் என்றது மறுமுனை. அதை அந்தத் தினத்தாளின் ஓரத்திலேயே எழுதி, கல்லைச் சுற்றிக் கட்டினோம். வரப்போரம் எறிந்ததைத் தேட வருகிற ஞாயிற்றுக்கிழமை போகவேண்டும்.